கண்ணாடித் தரையில் ஒரு கரடுப் பாதை

டிசம்பர் 9 – எக்ஸ்ரே – 1,200
டிசம்பர் 17 – கால் எடுத்தது – 14,500
டிசம்பர் 20 – தரைக்கு மெழுகு – 180
டிசம்பர் 21 – மறுபடி தையல் – 2,300
ஜனவரி 6 – கரடுக்கல், இரண்டு – 240
பிப்ரவரி 26 – கரடுக்கல், ஒன்று – 120
மே 4 – குழி தோண்டிய கூலி – 500

மேலே இருப்பது ஒரு நாய்க்கு ஆன செலவு. எக்ஸ்ரேயும் தையலும் புரிகிறது, மெழுகும் கரடுக்கல்லும் இதில் எப்படி வந்தன என்று கேட்டால், அந்த நாயை வளர்த்தவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அவர் மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். கட்டட வேலைக்காரர்கள் மத்தியில் அவருக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். மூக்குக் கண்ணாடி போட்ட ஆளைத் தேடிப்போய் ஏமாந்தவர்கள் உண்டு. அவர் கை பட்ட தரையில் குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்பதால் வந்த பெயர் அது. பதினாறு வயதில் பாலிஷ் மெஷினுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றும் எடுபிடியாகச் சேர்ந்தவர், ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்த பிறகுதான் மெஷினை விட்டார். மெஷின் போட்ட இரைச்சலில் இடது காது பாதி போயிருந்தது. எத்தனையோ வங்கிகள், ஆஸ்பத்திரிகள், பெரிய வீடுகளின் கூடங்கள் அவர் மினுக்கியவை. வேலை முடிந்த மறுநாள் அதே தரையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோரமாக நின்று கூலி வாங்கிக்கொண்டு போவார்.

முதலில் கரடுக்கல்லால் தேய்க்க வேண்டும். பிறகு நடுத்தரம், பிறகு நைஸ் கல், கடைசியில் பவுடரும் மெழுகும். கரட்டிலிருந்து நைசுக்குப் போவதுதான் தொழில். திரும்பி வருகிற வழி அதில் கிடையாது.

அவர் மனைவி அதே கட்டடங்களில் மணல் சுமந்தவள். எடுபிடி வராத ஒரு நாள், “தண்ணி ஊத்தட்டுமா?” என்று கேட்டுக் குவளையை எடுத்தவள், பிறகு விடவே இல்லை. கல்யாணமாகி, கையிலிருந்ததைச் சேர்த்துக் கூடமும் சமையலறையும் பின்னால் ஒரு அறையுமாக வீடு கட்டினார்கள். தரைக்கு வேண்டிய கல் சில்லுகளை விலைக்கு வாங்கவில்லை. வேலை முடிந்த இடங்களில் மூட்டையின் அடியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். வங்கியின் வெள்ளை, ஆஸ்பத்திரியின் பச்சை, யாரோ ஒரு பணக்காரர் வீட்டுச் சிவப்பு எல்லாம் அந்தக் கூடத்தில் கலந்து கிடந்தன. வேலை முடிந்து வந்து, அவர் தேய்க்க அவள் தண்ணீர் ஊற்ற, மூன்று மாதத்தில் முடித்த தரை. வருகிற சொந்தக்காரர்கள் கயிற்றின் மேல் நடக்கிறவர்கள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவார்கள். ஓடி விழக் குழந்தை அந்த வீட்டில் பிறக்கவில்லை. அதனால் தரையில் ஒரு கீறல்கூட இல்லை என்று மனைவி ஒருமுறை சொன்னாள்.

நாய் வந்தது அவருடைய கடைசி வேலையின்போது. மணல் குவியலின் உச்சியில் ஒரு குட்டி உட்கார்ந்துகொண்டு, யார் எதைத் தூக்கினாலும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தார்கள். கூலி கணக்குப் பார்த்த அன்று, கூப்பிடாமலே அவர் பின்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. நான்கு காலும் சரியாக இருந்தவரை தரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சறுக்கிக்கொண்டே போய் அவர் காலில் மோதி நிற்பது அதன் விளையாட்டு.

ஏழாவது வயதில் இடது பின்னங்காலை நொண்டத் தொடங்கியது. எக்ஸ்ரேயில் முட்டிக்கு மேலே எலும்பு பூச்சி அரித்த கட்டை போலிருந்தது. நெஞ்சுப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் டாக்டரம்மா. எலும்பின் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்புவதாகவும், முடிவு தபாலில் வரும் என்றும் சொன்னார்.

அறுவைக்குப் பிறகு மூன்று நாள் அங்கேயே வைத்திருந்துவிட்டு, கூட்டிப்போகச் சொன்னார்கள். “இடம் சுத்தமா இருக்கணும். தையல்ல ஒரு தூசி படக் கூடாது,” என்றார் டாக்டரம்மா. 

சுத்தம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவியை நாயைக் கூட்டிவர அனுப்பிவிட்டு, முழங்கால் வலியோடு குந்தி உட்கார்ந்து, கூடம் முழுவதையும் கழுவித் துடைத்து, புது மெழுகு வாங்கிவந்து பூசி, துணியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். தூசி வந்து உட்கார்ந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்படி ஒரு மினுக்கு.

மனைவியின் தம்பி வாடகை வண்டி ஓட்டுகிறவன். அவன் வண்டியில்தான் வந்து இறங்கினார்கள். வீட்டைப் பார்த்ததும் மேஸ்திரி வாலை ஆட்டியது. அவள் கையிலிருந்து துள்ளி, வாசற்படியைத் தாண்டி, கூடத்துக்குள் காலை வைத்தது. முன்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாகப் போயின. இருந்த ஒற்றைப் பின்னங்கால் அடியோடு வாரிவிட்டது. தையல் போட்ட பக்கமாகவே விழுந்தது. அது போட்ட சத்தம் அவருடைய கேட்காத காதிலும் கேட்டது. வெள்ளைச் சில்லுகளின் மேல் ரத்தம் படர்ந்தது. மெழுகு பூசிய தரை ஒரு சொட்டைக்கூட உறிஞ்சவில்லை.

“மாமா! என்ன மாமா இது, பாலிஷா போட்டீங்க?”

“சுத்தமா வைக்கச் சொன்னாங்கப்பா...”

“சுத்தமா வைக்கச் சொன்னா சறுக்குமரம் கட்டி வச்சிருக்கீங்களே!”

மனைவி புடவைத் தலைப்பைச் சுருட்டிக் காயத்தின் மேல் அழுத்திக்கொண்டு, திரும்ப வண்டியில் ஏறினாள்.

மறுநாள் மறுபடி தையல் போட்டு வந்த நாய், வேறு நாய். சுவரோரம் விரித்த பழைய போர்வையில் படுத்தது படுத்ததுதான். எழுந்திருக்க முயற்சிகூடச் செய்யவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டார்கள். மிஞ்சிய காலை டாக்டரம்மா காட்டியபடி மடக்கி நீட்டிப் பிடித்துவிட்டார்கள். வயிற்றுக்குக் கீழே துண்டைத் தூளி மாதிரி கொடுத்து, அவள் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். பல நேரம் அதற்குள் போர்வை நனைந்திருக்கும். அப்போதெல்லாம் அது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். அவள் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடும். அவர் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. நாய்க்கு அப்படியெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று மைத்துனன் சொன்னான். அவர் நம்பவில்லை.

கோணி விரித்துப் பார்த்தார். நாயும் கோணியுமாகச் சேர்ந்து வழுக்கின. பசை போட்டு ஒட்டிப் பார்த்தார். மெழுகு ஏறிய தரையில் எந்தப் பசையும் பிடிக்காது. அதையே இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிவந்தவர் அவர்தான். வெளியே வைக்கலாம் என்றால் மழை விடுவதாக இல்லை.

ஒரு நாள் மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஒரு ஊசி போட்டா அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி,” என்றான்.

“போன வருஷம் முதுகு புடிச்சிக்கிட்டு ஒரு மாசம் என் வீட்டுல கிடந்தியே தம்பி,” என்றாள் அக்கா. “அப்ப உனக்கு ஊசியா போட்டோம்?”

“அது வேற, இது வேறக்கா.”

“ஆமா. அது குரைக்கும், நீ பேசுவ. அவ்வளவுதான்.”

ஜனவரி மூன்றாம் தேதி டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். காயம் ஆறிவருகிறது என்றார். மிஞ்சிய தொடையை அமுக்கிப் பார்த்தபோது அவர் முகம் மாறியது.

“சதை வத்திட்டே வருது. பத்தாம் தேதி வரைக்கும் பாருங்க. தானா எழுந்து நிக்கலேன்னா இந்தக் காலும் போன மாதிரிதான். அப்புறம் படுக்க வச்சே வதைக்கக் கூடாது. நான் வேற வழிதான் சொல்ல வேண்டியிருக்கும்.”

அவர் தலையாட்டினார். டாக்டரம்மா தரையில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டே வாசல்வரை நடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தும், தரையையே மாற்றலாம் என்று தோன்றவில்லை.

ஆறாம் தேதி காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி நாயைத் தனியாகவே தூளியில் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மண் சேறாகக் கிடந்ததால், துணி துவைக்கிற கல்லின் மேல் இறக்கிவிட்டாள். கொத்திவிட்ட சொரசொரப்பான கருங்கல் அது.

“என்னங்க,” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். “சத்தம் போடாம வாங்க.”

அவர் போய்ப் பார்த்தபோது மேஸ்திரி நின்றுகொண்டிருந்தது.

“நல்லா புடிச்சுக்கோ,” என்றார்.

“நான் எங்க புடிச்சிருக்கேன்? பாருங்க.” 

துண்டு அவள் தோளில் கிடந்தது. நாயின் மூன்று கால்களும் நடுங்கின. ஆனால் நகங்கள் கல்லைக் கவ்விப் பிடித்திருந்தன. மழைத் தண்ணீர் சொட்டுகிற பக்கம் காதைத் திருப்பியபடி, மணல் குவியலின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய பார்வையோடு ஒரு நிமிஷம் நின்றது. 

கூடத்துக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கணமே கால் பரப்பிக்கொண்டு சரிந்தது.

அவர் குளிக்கவில்லை. கடைக்குப் போய் இரண்டு கரடுக்கல் வாங்கிவந்தார். வாங்கிவந்தவர் கூடத்து நடுவில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கீழே அவர் முகம் தெரிந்தது. அந்த முகத்தின் மேல் கல்லை வைக்கக் கை வரவில்லை. தன் தரையா, தன் நாயா என்று யோசித்தார் என்று சொன்னால் சரியாகாது. நாய்தான் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. நாற்பது வருஷத்தில் ஒரு தரையைக்கூட அவர் கெடுத்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். கையில் குவளை.

“தண்ணி ஊத்தட்டுமா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நல்லானதும் மறுபடி பாலிஷ் போட்டுடலாம்,” என்றார்.

“போட்டுக்கலாம், போட்டுக்கலாம். மொதல்ல தேய்ங்க.”

நாய் படுக்கிற இடத்திலிருந்து சோற்றுத் தட்டுவரை, அங்கிருந்து பின்கதவுவரை, இரண்டடி அகலத்துக்குத் தேய்த்தார். மெஷின் இல்லை, இருந்தாலும் அந்த இரைச்சலை நாய் தாங்காது. கையால்தான். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டார். அவள் ஊற்றிய தண்ணீர் பாலாகத் திரண்டு ஓடியது. வெள்ளை, பச்சை, சிவப்பு எல்லாம் மங்கி ஒரே சாம்பல் நிறமாயின. மூன்று மாதம் போட்டதை அழிக்க மூன்று நாள்கூட ஆகவில்லை. மேஸ்திரி படுத்த இடத்திலிருந்து கல் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது. 

“மேற்பார்வை பாக்குது பாருங்க,” என்றாள் அவள்.

ஒன்பதாம் தேதி, காய்ந்த பாதையில் தூளி கட்டி இறக்கிவிட்டார்கள். முதலில் நின்றது. விழுந்தது. மறுபடி நின்றது. பின்கதவு வரைக்கும் குதித்துக் குதித்துப் போய், அங்கே திரும்பி அவரைப் பார்த்தது. மறுநாள் வந்த டாக்டரம்மாவைப் பார்த்து, பாதையில் நின்றபடியே குரைத்தது. அன்று ராத்திரிச் சோற்றை அவர் கையிலிருந்து சாப்பிட்டது.

அதற்குப் பிறகு அது பாதையை விட்டு ஓர் அங்குலம் விலகவில்லை. இடது காது அரித்தால் இல்லாத காலைத் தூக்கிச் சொறியப் பார்க்கும். தொடையின் மேல்பக்கம் மட்டும் துடிக்கும். வீட்டில் யார் எந்த வேலையாக இருந்தாலும் அந்தத் துடிப்பைப் பார்த்ததும் எழுந்துபோய்க் காதைச் சொறிந்துவிடுவார்கள். மைத்துனன்கூட, “பெரிய மேஸ்திரி, ஆள் வச்சு சொறிஞ்சுக்கிறாரு,” என்று சொல்லிக்கொண்டே சொறிந்துவிடுவான்.

ஆனால் அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பரிசோதனைச்சாலையிலிருந்து ஜனவரியில் ஒரு கடிதம் வந்திருந்தது. துண்டை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, முடிவை மருத்துவர் வழியாகத் தெரிவிப்போம் என்பதோடு சரி. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும் நேரத்துக்கு அவர் ஜன்னலோரம் வந்து நிற்பார். தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவர் கையை விரிக்கவில்லை. சைக்கிளை நிறுத்தினார். மணிச் சத்தத்துக்கு மேஸ்திரி எழுந்து பாதையின் விளிம்புவரை ஓடியது. பாதை பின்கதவுக்குத்தான் போகிறது. முன்வாசலுக்கும் அதற்கும் நடுவே மினுங்கும் தரை. விளிம்பில் நின்றுகொண்டு வீடே அதிரக் குரைத்தது. அறுவைக்குப் பிறகு அது அப்படிக் குரைத்ததே இல்லை.

“என்ன மேஸ்திரி, டூட்டிக்கு வந்தாச்சா?” என்று சிரித்தார் தபால்காரர்.

சொன்னதுதான் தாமதம், ஒரு குதி குதித்தது. விழுந்து, வழுக்கி, முன்கால்களால் துழாவி, பாதைக்கே திரும்ப ஊர்ந்து போனது. அடி ஒன்றும் படவில்லை. திரும்ப விளிம்பில் நின்று, கிடைக்காத வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உறையில் பரிசோதனைச்சாலையின் தாளும், அதோடு டாக்டரம்மா கைப்பட எழுதிய ஒரு பக்கமும் இருந்தன. அவர் ஒருமுறை மனசுக்குள் படித்தார். 

“என்னவாம்?” என்றாள் மனைவி.

அவர் சத்தமாகப் படித்தார். எலும்பில் வந்திருப்பது புற்று. இந்த வகை, கால் எடுப்பதற்கு முன்பே உள்ளே வேறு இடத்துக்குப் போயிருக்கும்; படத்தில் தெரியாது. இன்னும் இரண்டு மூன்று மாதங்கள்தான். மூச்சு வாங்கத் தொடங்கினால் உடனே சொல்லுங்கள். அதுவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“நல்லாத்தானே இருக்கு,” என்றாள். “இப்பக்கூட ஓடிச்சே.”

“ஓடிச்சு.”

“அப்ப அந்தக் காலை எடுத்தது?”

அவர் கடிதத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். அவள் நாயின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தொடை துடித்தது. காதைச் சொறிந்துவிட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

அவர் சட்டையை மாட்டினார். பழைய கற்கள் இரண்டும் தேய்ந்து வில்லையாகிப் போயிருந்தன. 

“எங்க போறீங்க இந்த வெயில்ல?”

“கடைக்கு.”

ஒரே ஒரு கல்தான் வாங்கினார். விளிம்பிலிருந்து முன்வாசலுக்குப் பத்தடி இருக்கும், ஒன்று போதும். திரும்பி வந்தபோது குவளையில் தண்ணீர் தயாராக இருந்தது. மறுபடி பாலிஷ் போட்டுக்கொள்ளலாம் என்று இந்தமுறை இரண்டு பேருமே சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் பாதை வாசற்படியைத் தொட்டது. மேஸ்திரி அதில் குதித்துக்கொண்டே போய், படியில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

ஏப்ரல் கடைசியில் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அதைப் புதைத்தார்கள். குழி தோண்ட அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை, ஆள் வைக்க வேண்டியதாயிற்று. சில வாரம் கழித்து மைத்துனன் வந்து, “மாமா, தெரிஞ்சவன்கிட்ட மெஷின் இருக்கு. ஒரு நாள்ல பழையபடி ஆக்கிடலாம், கொண்டு வரட்டுமா?” என்றான்.

“வேணாம்ப்பா,” என்றார் அவர். மனைவியும் வேண்டாம் என்றாள். இருவருக்கும் இப்போது வயது அறுபதுக்கு மேல். அந்த வீட்டில் இருவரும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். 

டாக்டரம்மாவின் கடிதம் மெழுகு டப்பாவுக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. மேலே எழுதிய தேதி பிப்ரவரி 23. வீட்டுக்கு வந்து சேர்ந்தது, ஒற்றைக் கல் வாங்கிய பிப்ரவரி 26.