அன்று சைக்கிள் திரும்பவில்லை

கருப்பசாமியின் காலை முடமாக்கியவன் நான். அவருடைய சைக்கிள் திடீரென்று குறுக்கே திரும்பியது என்று நான் சொன்னது பொய். அது ரோட்டோரமாக நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை... என் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடங்களில் உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்து சேர்ந்த காலம் அது. நான் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேன் டிரைவர். வெம்பக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் பெண்களை ஏற்றி, நாரணாபுரம் பக்கம் இருந்த கம்பெனியில் இறக்கிவிட வேண்டும்.

சந்தேகம் என் பிறவிக்குணம். புதிதாக வந்த பாண்டி என்ற டிரைவர் என் வேனைப் பறிக்கப் பார்க்கிறான் என்று எனக்குள் ஓர் அரிப்பு. அவன் மேனேஜரிடம் சிரித்துப் பேசினாலே எனக்கு வயிறு எரியும். அவன் மேனேஜர் அறைக்குள் போனால் ஒரு மிஸ்டு கால் கொடுக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று காலை போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. பையிலிருந்து எடுத்தேன். வாட்ச்மேன் நம்பர்தானா என்று பார்த்தேன்... அவ்வளவுதான். நிமிர்வதற்குள் வேனின் இடதுபக்கம் எதிலோ மோதியது.

சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது. பக்கத்தில் கருப்பசாமி. கொத்தனார், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். நானே தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே என் வாய் சொல்ல ஆரம்பித்துவிட்டது: "மனுசன் கைகூடக் காட்டாமத் திரும்பிட்டாரு." பின்னால் இருந்த பெண்கள் எதையும் பார்க்கவில்லை. நான் சொன்னதையே அவர்களும் போலீசிடம் சொன்னார்கள்.

தலையிலும் அடிபட்டதால் கருப்பசாமிக்கு அந்தக் காலைப்பொழுது நினைவில் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க தூக்கியாந்ததாலதான் எனக்கு உசிரு இருக்கு."

கட்டில் அருகில் நின்ற அவர் மனைவி என்னையே பார்த்தாள். "அங்கன திரும்புறதுக்கு என்ன இருக்கு? வெறும் கருவேலங்காடுதான?" என்று கேட்டாள்.

பதில் சொன்னவர் கருப்பசாமி.

"ஒதுங்கப் போயிருப்பேன் போல, புள்ள. தப்பு எம்மேலதான்."

என் பொய்யில் இருந்த ஓட்டையை அவரே அடைத்தார்! நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் வேனின் முன் சீட்டில் ஒருத்தி இருந்தாள். முத்துலட்சுமி. கம்பெனியில் திரி வெட்டுகிறவள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று தினமும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். மோதிய நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நம்பினேன். தூங்கினாளா... கண்ணை மூடியிருந்தாளா?

மறுநாள் அவள் பின்பக்கம் ஏறினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வழி முழுக்கக் குமட்டினாள். முன்னால் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு இறங்கும்போது தனியாக மறித்துக் கேட்டேன்.

"ஏம்மா, முன்னால வந்து உக்காரலாம்ல?"

"வேணாம்ணே. அங்கன உக்காந்தா ரோட்டப் பாக்க வேண்டியிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். பயத்தில் சொன்னாளா? என்னைக் குத்திச் சொன்னாளா? கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடித் தேடி நாலு வருடம் ஓட்டினேன். அவள் யாரிடமாவது குனிந்து பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். யாராவது சிரித்தால் வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொள்வேன். மகள் கல்யாணம் முடிந்ததும் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். எனக்கு நிம்மதி வரவில்லை... ஊரில் போய் என்ன சொல்கிறாளோ!

பாண்டியா? அன்று அவன் லீவு கேட்கத்தான் மேனேஜரிடம் போயிருந்தான். என் வேனை அவன் கேட்டதே இல்லை.

அதன்பிறகு வேனைக் கிளப்புமுன் போனை அணைத்து, எழுந்து போனால்தான் எட்டும் பின்பக்கப் பெட்டியில் வைத்துவிடுவேன். யாரிடமாவது பேசியே ஆகவேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன். சீசன் நேரத்தில் லோடு அவசரம் என்று கம்பெனியில் கத்தினாலும் சரி. புதிதாக வரும் டிரைவர்களிடம், "அண்ணனப் பாத்துப் படிங்கலே" என்று மேனேஜர் என்னைக் காட்டுவார். அப்போதெல்லாம் நான் பெருமைப்பட்டவன் போலச் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கருப்பசாமி வீட்டுக்குப் போனேன். சாரம் ஏற முடியாத கால்; வீட்டு வாசலிலேயே சிறு பெட்டிக்கடை வைத்திருந்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டார். அவர் மனைவி கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் உள்ளே போகவில்லை. நிலைப்படியில் சாய்ந்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, ஏதோ சொல்ல வந்தாப்ல இருக்கு?" என்றார் கருப்பசாமி.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பாட்டிலை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை.

உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது. நீங்கள் எழுந்து எனக்கு ஸ்டூல் போட வேண்டியதில்லையே...