குக்குலு பொறுக்கிய கைகள்

குக்குலுச் செடியை என் அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை. அதன் முள் மட்டும் வருடக்கணக்காக அவள் விரலில் ஏறிக்கொண்டிருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மருந்துச் சரக்குக் குடோனில் அவளுக்கு வேலை. கட்ச் பக்கத்திலிருந்து சாக்குச் சாக்காகக் குக்குலுக் கோந்து வந்து இறங்கும். பட்டை, மணல், முள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து கோந்தை வேறாக, குப்பையை வேறாகப் பொறுக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் கோந்து இளகி விரலை விடாது. சரக்கோடு வந்த லாரிக்காரர் ஒருவர், அது பாலைவனத்து முள்புதர் என்றும், தண்டைக் கீறினால் கோந்து வடியும் என்றும், ஆசைப்பட்டு ஆழக் கீறினால் செடியே பட்டுப்போகும் என்றும் சொன்னாராம். அம்மா அதை வீட்டில் வந்து சொல்லி, "பாவம்டீ அது" என்றாள்.

பொறுக்கிப்போட்ட பட்டைத்தூளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எங்கள் சந்தில் சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் அந்தப் புகைதான்; கொச்சிக் கொசு வேறு எதற்கு அடங்கும்? என் பிள்ளை பிறந்தபோது குளிப்பாட்டித் தலை காயவைத்ததும் அதில்தான். ஆனால் கோந்து ஒரு மிளகளவு மடியில் இருந்தாலும் கள்ளி என்று பேராகிவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் வாசலில் காவல்காரன் முன்னால் நின்று முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அம்மா அவன் கேட்கும் முன்பே உதறுவாள். "நல்லாப் பாத்துக்கோ" என்று அவனை ஒரு முறை முறைத்துவிட்டு வருவாள். அவ்வளவு ரோஷம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் குழாயைத் திருப்ப முடியாது. வெந்நீரில் கையை ஊறவைத்துக்கொண்டு போவாள், மேஸ்திரிக்குத் தெரியக் கூடாதே என்று. விரல் மடங்காதவளுக்கு அங்கே என்ன வேலை? அப்பா போன பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். வேலை போனால் மருமகன் சோறு. அதற்குச் செத்துப்போகலாம் என்பாள்.

குக்குலு மூட்டுவலிக்கு மருந்து என்று குடோனில் எல்லோருக்கும் தெரியும். அதைத் துணியில் கிழி கட்டி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்க் கஷாயத்தில் வேகவைத்துச் சுத்தி செய்த பிறகுதான் வைத்தியசாலையில் மாத்திரை உருட்டுவார்கள். பச்சையாக வயிற்றுக்குள் போகக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதே அம்மாதான். அப்படிப்பட்டவள்தான் பொறுக்குகிறபோதே ஒவ்வொரு துண்டாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள்.

உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு கண்ணில் மஞ்சள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பார்க்க வந்த குடோன்காரிகள் இரண்டு பேர் கட்டிலருகே நின்றிருந்தார்கள். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாளா என்று டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார்:

"அங்காடி மருந்நு வல்லதும் கழிச்சோ, அம்மே?"

"ஒண்ணும் இல்ல மேடம். கஞ்சியும் பயறும்தான்."

முகம் துடைக்கக் குனிந்தேன். அவள் வாயிலிருந்து அந்தக் கசப்பு வாடை வந்தது. அந்த வாடையில் வளர்ந்தவள் நான், எனக்கா தெரியாது? அவளும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மடங்காத விரல்களால் என் மணிக்கட்டை அழுத்தினாள்.

"சொல்லாதடீ. கள்ளின்னு ஆயிரும்."

சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பின்னே, பெற்றவளைச் சாகவிட்டு மானத்தை வைத்து என்ன செய்ய? இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

டாக்டரம்மா அதற்கேற்ப வைத்தியம் பார்த்தார். அம்மா பிழைத்தாள். வீடு திரும்பியதும் மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர். திருட்டு என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. "சேச்சி இனி வரண்டா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு; இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அர்த்தம்.

இடக்கொச்சியில் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். சாப்பிட்டாள், பேசினாள், பேரனை அதட்டினாள். ஆனால் கோயிலுக்கோ கடைக்கோ புறப்பட்டால் வாசலில் என் முன்னால் வந்து நிற்பாள். முந்தானையை விரித்து உதறுவாள்.

"பாத்துக்கோ."

முதல் தடவை சிரித்துவிட்டேன். பிறகு கத்தினேன். "எதுக்கும்மா என்னை இப்பிடிக் கொல்ற?" என்று அழுதும் பார்த்தேன். வருடக்கணக்காக அப்படித்தான் என் வாசலைத் தாண்டினாள்.

கடைசியாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ நின்றது. அந்த நிலைமையிலும் வாசலில் நின்றுவிட்டாள். கையைத் தூக்கப் பார்த்தாள். முந்தானை விரலில் நிற்கவில்லை.

"நீயே உதறிப் பாத்துக்கோடீ."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. முந்தானையை வாங்கி உதறினேன். ஒன்றும் விழவில்லை. அப்புறம்தான் படியிறங்கினாள்.