ரொக்கத்துக்கு மானியம் இல்லை

பெங்களூரில் என்னை வேலைக்கு எடுத்த பெரியவர் கன்னடத்தில் ஒன்று சொல்வார்: பொருளை விற்பது பெரிய காரியமில்லை, வாங்குகிறவன் எந்த வழியில் பணம் கட்டுவான் என்று... அதற்கு மேல் மறந்துபோச்சு. இருபத்தைந்து வருஷம் கழித்து ஊர் திரும்பி, தர்மபுரியில் சோலார் விளக்கு ஏஜென்சி எடுத்தபோதுதான் அந்தப் பின்பாதி எனக்குத் தேவைப்பட்டது. எண்பதுகளின் கடைசி அது. பகல் வெயிலை வாங்கிவைத்து ராத்திரி விளக்கெரிக்கும் தகடு என்றால் ஜனங்கள் நம்பினார்கள். விலையைக் கேட்டு எழுந்து போனார்கள். பாதி விலை அரசாங்க மானியம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எதற்காவது ஒரு மானியத்துக்கு பேங்க் பெஞ்சைத் தேய்த்தவர்களுக்கு மீதிக் கதை பாதி தெரிந்திருக்கும்.

துணிப்பை

கடத்தூருக்கு வெளியே, கடைசிக் கரண்ட் கம்பத்தைத் தாண்டி நாலு வயல் தள்ளி டெய்லர் பாய் வீடு. அங்கே கம்பம் நட்டு லைன் இழுக்கக் கேட்ட பணம் தகட்டு விலையைவிட அதிகம். பாய் கடையில் தைத்ததற்கு, பொழுது சாய்ந்தபின் வீட்டில் அவர் சம்சாரம் பட்டனுக்குக் காஜா எடுப்பார், சீமெண்ணெய் விளக்கை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு. அந்தம்மாவுக்கு இழுப்பு. என்னோடு நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தரம் மூச்சுக்கு நின்றார். பனி மாசத்துக்குள் அந்தப் புகையை நிறுத்தியாக வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டாராம்.

பாய் வீட்டிலிருந்த பழைய மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வைத்தார். மூன்று வருஷச் சேமிப்பு. சரியாகப் பாதி விலை. "மீதிதான் சர்க்கார் தருதே, நாளைக்கே மாட்டிடுங்க" என்றார். உள்ளேயிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது: "பெருநாள் சட்டையைப் பெருநாள் முடிஞ்சு குடுக்கற மனுசன், வெளக்குக்கு மட்டும் அவசரத்தப் பாருங்க!"

மேனேஜரின் யோசனை

மானியம் கடன் கணக்கில்தான் வரவாகும் என்றார் பேங்க் மேனேஜர். பாதி விலைக்குக் கடன் எடுத்தால் மறுபாதி மானியம். கடன் என்றால் வட்டி. பாய் வட்டி வாங்கமாட்டார், கொடுக்கவும் மாட்டார்; அவர் மார்க்கத்தில் அது பாவம். "ரொக்கமா இருக்குதுங்க, எண்ணிக்குங்க" என்று பையை மேசைமேல் வைத்தார். மேனேஜர் அதைத் தொடவில்லை. "ஒரே ஒரு மாசம் கடன் எடுங்க பாய். அடுத்த மாசம் இந்தப் பணத்தையே கட்டி முடிச்சுடுங்க. வட்டி டீ செலவுதான் வரும்" என்றார், நல்ல மனதோடுதான்.

பாய் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நோம்பும் வருசத்துக்கு ஒரு மாசந்தாங்க. அதையும் விட்டுடச் சொல்வீங்களா?"

நான் மேலே எழுதிக் கேட்கலாமா என்றேன். மேனேஜர் அடுத்த ஃபைலைப் பிரித்தபடி சொன்னார்: "கையில பணம் வெச்சிருக்கறவருக்கு எதுக்குங்க மானியம்?"

டி.வி. வீடு

அதே வாரம், அதே மேசையில், அரிசி மில் முதலாளி ஒருவரின் கடன் பாஸானது. மாடி வீடு, நாலு ரூமிலும் டியூப் லைட். விண்ணப்பத்தில் சாதி, சர்வே நம்பர் எல்லாம் கேட்டிருந்தது. வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்க மறந்திருந்தார்கள். ஏஜென்ட்டாக நான் கையெழுத்துப் போட்டால் எனக்குக் கமிஷன். போட்டேன்.

தகட்டை மாட்டிவிட்டு இறங்கும்போது, இது எதற்குங்க உங்களுக்கு என்று கேட்டேவிட்டேன். கேட்டதில் அவருக்கு வருத்தமில்லை. மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கரண்ட்டு போனாலும் டி.வி. ஓடணுமில்லீங்க, ஊரே வந்து குந்துது."

என் பெயரில்

கார்த்திகை பிறந்து பனி இறங்கிவிட்டது. குளிருக்குக் கதவைச் சாத்தினால் புகை உள்ளேயே சுற்றியது. நான் போன சாயங்காலம் அந்தம்மா எழுந்து வந்து பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் சட்டையும் ஊசியுமாக, தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்கு அவர் யாரையும் கேலி செய்யவில்லை.

வாசலில் வைத்து பாயிடம் சொன்னேன். கடனை என் பெயரில் எடுக்கிறேன், மானியம் வரட்டும், உங்கள் பணத்தைக் கட்டிக் கணக்கை முடித்துவிடலாம், அந்த ஒரு மாச வட்டியை நான் கட்டிக்கொள்கிறேன், உங்கள் கை படவே படாது. உள்ளே இருமல் கேட்டது; பாய் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். அவர் சரி என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"பாவம் உங்களுக்கு, வெளிச்சம் எனக்குங்களா?" என்றார்.

மறுநாள் பேங்குக்குப் போய் என் பெயரில் கடன் எழுதிக்கொண்டு, பாயிடம் ரொக்கத்துக்கே மானியம் பாஸாகிவிட்டது என்று சொன்னேன்.