பாண்டிச்சேரியில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர்

அண்ணியோடு பள்ளியில் படித்த ஒருத்தியின் மகளுக்குப் பாண்டிச்சேரியில் கல்யாணம். அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. மதுரைக்கு பஸ் ராத்திரிதான். நடுவில் ஒரு முழுப் பகல் எங்கள் கையில் சும்மா கிடந்தது.

“ஊரச் சுத்திப் பாத்துருவோம். ஸ்கூட்டரு வாடகைக்குக் குடுக்குறாங்களாம்ல,” என்றார் அண்ணி. சமயநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறவர். அதுவரை அவர் பார்த்த கடல் ராமேஸ்வரம் மட்டும்தான். அதுவும் முங்கி எழுந்ததில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு.

நான் தினமும் தல்லாகுளத்தில் இருக்கிற ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகிறவள். வெள்ளை வண்டி ஒன்றை எடுத்தோம். பட்டுப்புடவையை ஒரு கையிலும் என் இடுப்பை இன்னொரு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி பின்னால் உட்கார்ந்தார்.

முதலில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பழைய தெருக்கள். சுவரெல்லாம் மஞ்சள், அதன்மேல் கொத்துக் கொத்தாகக் காகிதப்பூ. அண்ணிக்கு ஒவ்வொரு சுவரிலும் ஒரு போட்டோ வேண்டும். ஒரு நீலக் கதவில் சாய்ந்து கன்னத்தில் கை வைத்துச் சிரித்தபோது கதவு திறந்துகொண்டது. உள்ளே விழப்போனவரைப் பிடித்து நிறுத்திய வீட்டுக்காரர், “யார் வேணும்?” என்று கேட்டார்.

“யாரும் வேணாங்க. கதவ மட்டும் கொஞ்சம் சாத்துங்க,” என்றார் அண்ணி.

வண்டியை ஒரு சந்தில் நிறுத்திவிட்டுக் கடலுக்கு நடந்தோம். நாங்கள் போய் நின்ற இடத்தில் மணலைக் காணோம். கரையெங்கும் கருங்கல்.

“இம்புட்டுக் கல்லக் கொட்டி வச்சிருக்காங்க, என்ன கட்டப் போறாங்களாம்?”

“கடல் உள்ள வராம இருக்கப் போட்டிருக்காங்க அண்ணி.”

“அப்ப நாம மட்டும் எதுக்கு அதப் பாக்க வந்தோம்?”

ஐஸ்கிரீம் தின்றுவிட்டுச் சந்துக்குத் திரும்பினோம். சாவி கொஞ்சம் மக்கர் பண்ணியது. ஆட்டி ஆட்டித் திருப்பினேன். கிளம்பிவிட்டது.

அங்கிருந்து வைத்திக்குப்பம். மீனவர்கள் இருக்கிற பகுதி. அங்கே மணல் இருந்தது, படகுகளும் இருந்தன. கால் நனைக்கப் போகுமுன் செருப்பை உள்ளே வைக்கலாம் என்று அண்ணி சீட்டைத் தூக்கினார்.

“ஆத்தி! கேக்கு!”

அட்டைப்பெட்டிக்குள் வட்டமான ஒரு கேக். மேலே சிவப்பு கிரீமில் ஒரு பெண்ணின் பெயர்.

“யாரு பேரு அண்ணி இது?”

“வண்டிக் கம்பெனி பேரா இருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு மரியாத பண்றாங்க.”

“வண்டி குடுக்கும்போது ஒண்ணுமே சொல்லலையே?”

“சொல்லிக் குடுத்தா அது என்ன மரியாத?”

எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வெயிலில் கிரீம் உருக ஆரம்பித்திருந்தது, பசியும் வந்திருந்தது. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் அண்ணி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அவர்களும் கம்பெனியை வாழ்த்தினார்கள்.

கடைசித் துண்டு வாயில் இருக்கும்போது வாடகைக் கடைக்காரர் போன் பண்ணினார்.

“அக்கா, உங்க வண்டி தாவரவியல் பூங்கா வாசல்ல நிக்குதே?”

“இல்லைங்க, நாங்க அதுமேலதான் உக்காந்திருக்கோம்.”

“நம்பரைப் பாருங்கக்கா.”

பார்த்தேன். வேறு நம்பர். கடையில் எல்லாமே ஒரே மாதிரி வெள்ளை வண்டிகள், சாவிகளும் தேய்ந்து போனவை. அதே சந்தில் நின்ற இன்னொருவர் வண்டியை நாங்கள் எடுத்திருக்கிறோம். அவர்கள் எங்களுடையதை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

“அப்ப அந்தக் கேக்கு?” என்றேன் அண்ணியிடம்.

அண்ணி மென்று முழுங்கினார்.

பூங்கா வாசலில் ஒரு இளம் புருஷன் பெண்டாட்டி நின்றிருந்தார்கள். “எம்புட்டு நேரமா நிக்கிறோம்!” என்றார் புருஷன். அந்த ஒரு வார்த்தையிலேயே அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தம்பி மதுரப் பக்கமா?”

“பேரையூருதான்க்கா,” என்றவர் அண்ணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சீட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். பெண்டாட்டி திரும்பும்போதெல்லாம் நிறுத்திக்கொண்டார்.

“இந்தத் தம்பி எதுக்கு என்னயப் பாத்துக் கண்ணடிக்குது?” என்று அண்ணி என் காதைக் கடித்தார்.

அந்தத் தம்பி என்னைத் தனியாக அழைத்தார். “அக்கா, இன்னைக்கு அவளுக்குப் பொறந்தநாளு. அவளுக்குத் தெரியாம ஒரு கேக்கு வாங்கி உள்ள வச்சிருந்தேன். இருக்குல்ல?”

நான் அண்ணியைப் பார்த்தேன். தம்பியும் பார்த்தார். அண்ணியின் கடைவாயில் சிவப்பு கிரீம் இருந்தது.

உடனே வேறு கேக் வாங்குவதென்று முடிவானது. அண்ணி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “வாம்மா, உள்ள போயி மரமெல்லாம் பாப்போம்,” என்றார்.

“நாங்க இப்பத்தான் பாத்துட்டு வந்தோம்.”

“நான் பாக்கலையே!”

நான் அந்தத் தம்பியோடு பேக்கரிக்குப் போனேன். காலையில் கேக் கொடுத்த அதே பெண், “அதே பேரா?” என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நான் அவருக்கு யாரும் இல்லம்மா,” என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது அண்ணியும் அந்தப் பெண்ணும் ஒரு பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னை ஓரமாக இழுத்தார்.

“வாயில கிரீம் இருக்குன்னு அந்தப் புள்ளதான் தொடச்சு விட்டுச்சு. ஏதுன்னு கேட்டுச்சு. சொல்லிட்டேன்.”

“பூராமுமா?”

“பூராமும்தான். அது தெரியாத மாதிரியே இருக்கேன்னுருச்சு. நீயும் வாயத் தொறக்காத.”

தம்பி முதுகுக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ! எப்பங்க வாங்குனீங்க!” என்றாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணி வேறு பக்கம் திரும்பி இருமிக்கொண்டிருந்தார்.

தம்பி எனக்கு ஒரு துண்டு கொடுக்கும்போது குனிந்து, “பாத்தீங்களாக்கா, கொஞ்சங்கூடத் தெரியல அவளுக்கு,” என்றார். முகமெல்லாம் பெருமை.

“ஆமா தம்பி,” என்றேன். “கொஞ்சங்கூடத் தெரியல.”