ஏழு டப்பா, ஒரு சுவிட்ச்

எல்லா சுவிட்சையும் அணைக்காமல் வீட்டைப் பூட்ட எனக்கு மனம் வராது. அந்தக் குணம்தான் ஒருமுறை என் மானத்தை வாங்கியது.

தொண்ணூறுகளில் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். தங்கையின் பிரசவத்துக்காகக் கொள்ளேகால் கிளம்பிய என் மனைவி, நாள் முழுக்கப் பெரிய குக்கரோடும் மிக்சியோடும் நின்று ஒரு வாரத்துக்கான குழம்பைச் செய்தாள். கிழமை எழுதி ஒட்டிய ஏழு டப்பாக்களில் அடைத்து ஃபிரீசரில் அடுக்கினாள்.

"தினம் ஒண்ண எடுத்து சூடு பண்ணுனாப் போதுமுங்க," என்றாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டேன். மாலையில் வந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். ஏழு குழம்பும் இளகிக் கிடந்தன. கெட்டுப்போவதற்குள் கொதிக்கவைத்து, அதே டப்பாக்களில் ஊற்றி, வீடு வீடாகக் கொடுத்தேன். டப்பாவை வெறுமனே திருப்பித் தர யாருக்கும் மனம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் போனுக்கு மனைவி தினமும் கூப்பிடுவாள்.

"இன்னிக்கு என்னங்க சாப்பிட்டீங்க?"

"வியாழக்கிழமை டப்பா. வத்தக்குழம்பு. பிரமாதம்," என்றேன், வீட்டுக்காரம்மாவின் பிசிபேளேபாத்தை விழுங்கியபடி.

அவள் திரும்பி வந்த அன்று, வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உன் சமையல் எல்லாருக்கும் பிடிச்சுது, சென்னாகித்தம்மா, நல்லா இருந்துச்சு," என்றார் கன்னடம் கலந்த தமிழில். "எங்களுக்கு வந்த வியாழக்கிழமை குழம்புல மட்டும் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"பிரமாதம்னு சொன்னீங்களே," என்றாள்.

தெருவே ருசி பார்த்த அந்தக் குழம்பை ஒரு வாய்கூடச் சாப்பிடாதவன் நான் ஒருவன்தான்.