மூன்று வாய் கடந்த சொல்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு வயர்லெஸ் வந்த எண்பதுகளின் தொடக்கத்தில், மிஷன் பள்ளியில் படித்த ஆரோக்கியசெல்வி ஒரு தோட்ட அலுவலகத்தில் அந்தக் கருவியின் முன் அமர்ந்தார். அவருடைய கணவர் பாக்கியநாதன், மாரமங்கலத்திற்கு அப்பால் வேறொரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஞாயிறன்று மட்டுமே வீட்டுக்கு வருவார். மற்ற நாள்களில், மாலை அலுவல் முடிந்ததும், "சாப்பாடு ஆச்சுங்களா?" என்று வயர்லெஸில் கேட்பார். "ஆச்சுங்க" என்பார் மனைவி. ஊர் கேட்கும் கருவியில் அவர்களது குடித்தனப் பேச்சு அவ்வளவே.

நான்கைந்து தோட்டங்களில் மட்டும் கருவி இருந்தவரை அதற்கு இடையூறில்லை. ஆண்டுதோறும் புதிய தோட்டங்கள் சேர்ந்தன. அலைவரிசை மட்டும் ஒன்றாகவே இருந்தது. ஒருவர் பேசினால் மலை முழுவதும் கேட்கும்; அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தம் குரல் எட்டவில்லை என்று ஒருவர் கருவியின் சக்தியைக் கூட்டினார். அவரை மிஞ்ச அடுத்தவரும் கூட்டினார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஆளாளுக்குக் கூவுவதைப் போன்ற இரைச்சலே எஞ்சியது.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காய்ச்சலோடு பாக்கியநாதன் வேலைக்குத் திரும்பினார். அன்றே புயல் அடித்தது. மரங்கள் சாய்ந்ததால் பஸ் நின்றது, மின்சாரமும் போயிற்று. ஆரோக்கியசெல்வி ஓயாமல் கூப்பிட்டார். அத்தனை இரைச்சலில் கணவரின் குரல் மட்டும் அகப்படவில்லை.

மின்சாரமின்றிக் கருவிகளை ஓட்டிவந்த பேட்டரிகள் வியாழனன்று தளர்ந்தன. அடியோடு தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி எல்லாரும் சக்தியைக் குறைத்தனர். பக்கத்துத் தோட்டத்தைத் தாண்டி எவர் குரலும் எட்டவில்லை. இனி வழியேயில்லை என்று ஆரோக்கியசெல்வி கலங்கியிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணனின் குரல் தெளிவாக ஒலித்தது. மலையின் மறுபுறத்தில் வேறு சிலர் பேசிக்கொண்டிருந்தும் இங்கே அது குறுக்கிடவில்லை.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு சேதி சொல்லி உட்டிருக்காருங்க. அவரு பக்கத்து எஸ்டேட்டு சின்னங்கிட்டச் சொல்லி, சின்னன் எங்கிட்டச் சொன்னானுங்க."

"என்னன்னுங்க?"

"காச்ச உட்டுருச்சாமுங்க. 'கண்ணு, நீ சாப்புட்டியா'ன்னு கேக்கறாரு. கண்ணுன்னது அவருங்க, நானில்லீங்க!"

ஆரோக்கியசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுருக்காச் சொல்லுங்கக்கா. ஊராரு சேதியச் சுமக்கறதுலயே எனக்குப் பாதிப் பொழுது போயிருதுங்க. தோட்டம் இன்னும் நாலு சேந்தா, எஞ்சேதியச் சொல்ல நேரமே இருக்காதுங்க."

"நேரத்துக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லுங்க."

"அழுவறீங்களாக்கா?"

"இல்லீங்க."

"அதையுஞ் சொல்லட்டுங்களா?"

"அத மட்டும் சொல்லிராதீங்க!"

சற்று நேரத்தில் மறுமொழி வந்தது.

"கஞ்சி குடிச்சுக்கறாராமுங்க. பஸ் வராட்டியும் ஞாயித்துக்கெழம நடந்தே வந்தர்றாராம். அதுவரைக்கும் அழுவ வேண்டாம்னாருங்க."