உலக்கை இல்லாமல் வராத ஏழாம் வாய்ப்பாடு

இன்று கம்பம் சந்தைக்குப் போகும் மாட்டுவண்டியில், பக்கத்து வீட்டு ரோசம்மாள் தன் மகளை ஏழாம் வாய்ப்பாடு சொல்லவைத்தாள். அவளும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க வீட்டுக்காரக உக்காந்து சொல்லிக் குடுத்தாக. ஒம் மக சொல்லுவாளா?" என்றாள் ரோசம்மாள்.

என் நான்கு பிள்ளைகளுக்கும் நான்தான், நெல் குத்திக்கொண்டே, பாடம் சொல்லித்தருகிறேன்.

பக்கத்தில் இருந்த என் மகள் திருதிருவென்று விழித்தாள். "ஆத்தா, உலக்கைச் சத்தம் இல்லையே?"

அதற்குள் வண்டி கல்லும் குழியுமான பாதையில் திடும் திடும் என்று ஆடியது. அவ்வளவுதான், கடகடவென்று ஒப்பித்தாள். நான் ரோசம்மாளை ஒரு பார்வை பார்த்தேன்.

ஏழெட்டு ஐம்பத்தாறு என்னும்போது வண்டி, அணை வேலைக்காகப் போட்ட புது ரோட்டில் ஏறியது. சத்தம் நின்றது. மகள் வாயும் நின்றது.

சக்கரம் நன்றாக ஆட்டம் கண்ட வண்டி யாரிடமாவது இருக்கிறதா? அடுத்த சந்தைக்கு வேண்டும். ரோசம்மாளுக்கும் சேர்த்து இடம் வேண்டும்.